நெரிஸ்ஸா தைத்த பொத்தான்

ஒரு வாரமாக அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. ரோமெலுக்குக் கப்பல் வேலை கிடைத்துவிட்டது. இலோயிலோவுக்கும் மணிலாவுக்கும் அலையாய் அலைந்து, ஏஜெண்டு வாசலில் காத்துக் கிடந்து, கடைசியில் கைக்கு வந்த அந்த உத்தரவை அம்மா பஸிலிசா, காலமான கணவரின் படத்துக்கு முன்னால் வைத்து அழுததைப் போன வாரம் பார்த்தோம். புதன்கிழமை அவன் புறப்பட வேண்டும். அதற்குள் சனிக்கிழமை ஊர்த் திருவிழாவும் வந்து போயிற்று. நடனப் பந்தலிலிருந்து ரோமெல் எந்நேரம் வீடு திரும்பினான் என்று யாரும் கேட்கவில்லை.

இன்று திங்கள். ரோமெலின் அக்கா நெரிஸ்ஸா எழுந்து வந்தபோது அடுப்படி முழுக்கப் புகை. ஒட்டரிசியை ஓலையில் சுற்றிய இபோஸ் ஒரு கூடை நிறைய அடுக்கியிருந்தது. பெரிய வாணலியில் மஞ்சள் சோறும் கோழியும் தொத்திறைச்சியுமாக வலென்சியானா கொதித்துக் கொண்டிருந்தது.

"பத்துப் பேர் வந்து சாப்பிட்டுப் போற விருந்துக்கா இவ்வளவு?"

"வர்றவங்க வரட்டும். நீ என்ன கணக்கு பாக்குற, வக்கீலம்மா?" என்றாள் அம்மா, திரும்பிப் பார்க்காமலே.

நெரிஸ்ஸா நகரத்தில் மாலை வகுப்பில் சட்டம் படிக்க ஆரம்பித்ததிலிருந்து அம்மாவுக்கு அவள் 'வக்கீலம்மா'தான். பெருமையா கிண்டலா என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

ரோமெல் மேசையில் உட்கார்ந்திருந்தான். முன்னால் வைத்த காப்பி ஆடை கட்டியிருந்தது.

"என்ன தோதோ, கப்பல் ஏறுமுன்னயே கடல் மயக்கமா?"

அவன் சிரிக்கவில்லை. சின்ன வயதிலிருந்து தம்பியை அவள் தோதோ என்றுதான் கூப்பிடுவாள். அந்தப் பெயரைக் கேட்டாலே பல்லைக் காட்டுகிறவன், இன்று எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான்.

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெள்ளைச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டாள். துவைத்து இஸ்திரி போட்டது. மேலிருந்து இரண்டாவது பொத்தானைக் காணோம். அந்த இடத்தில் துணி கொஞ்சம் கிழிந்தும் இருந்தது.

"எங்க போச்சு பொத்தான்?"

"ஆட்டத்துல அறுந்திருக்கும். கேள்வி கேக்காம தை."

நெரிஸ்ஸா பொத்தான் டப்பாவைக் கவிழ்த்துத் தேடினாள். சட்டையில் இருந்தவை நாலு துளைச் சிப்பிப் பொத்தான்கள். டப்பாவில் கிடைத்தது இரண்டு துளை வைத்த பிளாஸ்டிக்.

"கடைசிப் பொத்தானை எடுத்து மேல வச்சிடறேன்மா. இதைக் கீழ தச்சா கால்சட்டைக்குள்ள மறைஞ்சிடும்."

"எல்லாத்துக்கும் ஒரு முறை வச்சிருக்கா பாரு! தூரத்துலேர்ந்து பாத்தா எவனுக்குத் தெரியப் போகுது? தச்சுக் குடுத்துட்டு ஆபீசுக்குப் போ."

அவள் தைத்தாள். பின்பக்கம் சின்னத் துண்டுத் துணி கொடுத்து, நூலை இரட்டையாக்கி, அடியில் சுற்றிச் சுற்றி முடிச்சிட்டு, நூலைப் பல்லால் கடித்தாள்.

பாரங்காய் என்கிற ஊராட்சியின் அலுவலகம் தேவாலயத்துக்கு எதிரே. உள்ளே ஒட்டுப்பலகையால் தடுத்த மூலைக்குப் 'பெண்கள் மேசை' என்று பெயர். அடிபட்டு வரும் பெண்கள் உட்கார ஒரு பெஞ்சு, ஒரு தண்ணீர்க் குடம், பூட்டு சரியாக விழாத ஒரு கதவு. நெரிஸ்ஸாவின் உத்தியோகம் அங்கே.

அவள் வந்தபோது, ஊரார் 'காப்' என்று கூப்பிடும் ஊராட்சித் தலைவர் கேப்டன் தெயோ நடுக்கூடத்தில் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார், எதிரே ஆளே இல்லாமல்.

"ஐயா, வழி தவறி வந்த பறவைங்க நாங்க. உங்க வேலியோரமா ஒரு பூ பூத்திருக்குன்னு காத்து வந்து சொல்லிச்சு..."

நெரிஸ்ஸாவுக்குச் சிரிப்பு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் சமைத்த சாப்பாட்டைச் சுமந்துகொண்டு பெண் கேட்கப் போகும்போது, அவர்களுக்காகப் பேசத் தூதர் ஒருவர் வேண்டும். சுற்றுவட்டாரத்தில் அந்த வேலைக்குக் கேப்டனை மிஞ்ச ஆளில்லை.

"யாருக்கு காப், இன்னிக்குப் பொண்ணு கேக்கப் போறீங்க?"

கேப்டன் கண்ணடித்தார். "அதெல்லாம் சொல்லக்கூடாது இண்டாய். தூது போறவன் முதல்ல வாயைப் பூட்டணும்."

"உங்க வாய்க்குப் பூட்டு எங்க செய்யறாங்களோ!"

அவர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சிரித்ததாக அவளுக்குத் தோன்றியது. ஆனால் யோசிக்க நேரமில்லை. பெஞ்சில் ஒரு பெண் ஏற்கனவே உட்கார்ந்திருந்தாள்.

ஜோனாலின். கடற்கரைக் குடியிருப்பில் அபுன்டியோவின் மகள், ரொட்டிக்கடையில் வேலை, இருபது வயது. மடியில் கடையின் காகிதப் பை ஒன்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ரொட்டி இருப்பது மாதிரித் தெரியவில்லை. பை அவ்வளவு தட்டையாக இருந்தது.

நெரிஸ்ஸா கதவைச் சாத்தி, அது திறந்துகொள்ளாமல் நாற்காலியை முட்டுக்கொடுத்தாள். தண்ணீர் கொடுத்தாள். ஜோனாலின் வாயைத் திறந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கதை அப்புறம். முதல்ல நான் சொல்றதைக் கேளு. கேட்டுட்டு, சொல்லணும்னு தோணினா சொல்லு. தோணலேன்னா எந்திரிச்சுப் போகலாம், நான் கோவிச்சுக்க மாட்டேன்."

இது அவளாக வைத்துக்கொண்ட முறை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு அப்புறம் உரிமையைக் கேட்கிற பெண்கள், ஏதோ வலையில் விழுந்துவிட்டோம் என்பதுபோல் முழிப்பதை அவள் பார்த்திருக்கிறாள். இந்த முறை சரிதானா, வேகமாகச் சொல்கிறோமா, புத்தகம் மாதிரி இருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் வீடு போகும் வழியெல்லாம் அவளுக்குச் சந்தேகம்தான். ஆனாலும் மாற்றவில்லை.

"நீ எந்த இடத்துலயும் நிறுத்தலாம். போலீசுக்குப் போனா பொம்பளை போலீஸ்தான் எழுதணும்னு கேளு, மூடின அறையில. ஆஸ்பத்திரியில லேடி டாக்டர் வேணும்னு கேக்கலாம். புகார் குடுக்காமலே பரிசோதனைக்குப் போகலாம், சீக்கிரம் போறது நல்லது. போட்டிருந்த துணியைத் துவைக்காத. பிளாஸ்டிக் பையில போடாம காகிதத்துல சுத்தி வை. உன் பேரை யாரும் வெளிய விடக்கூடாது. வக்கீலுக்குக் காசு இல்லேன்னா அரசாங்கம் ஆள் தரும். அப்புறம், இந்த ஆபீஸ்ல இதுக்குச் சமாதானம் பேச முடியாது. கேப்டனுக்கு அந்த அதிகாரமே கிடையாது."

ஜோனாலின் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"இதையெல்லாம் போன மாசம் எங்க கோயில் முத்தத்துல வந்து சொன்னீங்க மனாங்," என்றாள், அக்காவைக் கூப்பிடும் மரியாதையோடு.

"ஆமா. நீ இருந்தியா?"

"பின்னாடி உக்காந்திருந்தேன். இதெல்லாம் யார் பண்ணியிருந்தாலும் பொருந்துமா?"

"யாரா இருந்தாலும்."

"பெரிய இடத்துப் பிள்ளைன்னாலும்?"

"ஆமா."

"உங்க தம்பின்னாலும்?"

நெரிஸ்ஸாவுக்கு முதலில் அது உதாரணம் என்றே பட்டது. வகுப்பில் ஆசிரியர் கேட்பது மாதிரி. அதற்கும் 'ஆமா' என்று சொல்ல வாய் பாதி திறந்துவிட்டது.

ஜோனாலின் காகிதப் பையின் வாயைப் பிரித்து மேசைமேல் சாய்த்துக் காட்டினாள். அடியில், துளி நூலோடு, நாலு துளை வைத்த சிப்பிப் பொத்தான் ஒன்று கிடந்தது.

"பிடிச்சு இழுத்தப்ப கையோட வந்துச்சு," என்றாள். "விடவே இல்ல. வீடு போய் கையைத் திறந்து பாத்தாதான் தெரிஞ்சுது, இன்னும் பிடிச்சிருக்கேன்னு."

வெளியே ஒரு டிரைசிக்கிள் போயிற்று. யாரோ சேவலைத் திட்டினார்கள். நெரிஸ்ஸாவின் நாக்கில் நூலின் ருசி வந்தது. காலையில் கடித்த நூல். பல்லிடுக்கில் இன்னும் ஒரு இழை இருக்கிறதோ என்று நாக்கால் துழாவினாள். அந்த நேரத்தில் அவளுக்கு வேறு எதுவுமே செய்யத் தெரியவில்லை.

"தெரிஞ்சுமா எங்கிட்ட வந்த?"

"உங்க வீட்டுக்கும் அதே சட்டம்தானான்னு பாக்கணும்னு இருந்துச்சு."

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. முட்டுக்கொடுத்த நாற்காலி நகர, கேப்டனின் தலை உள்ளே வந்தது.

"நெரி, உங்கம்மா போன் பண்ணினாங்க. வலென்சியானாவை டிரைசிக்கிள்ல ஏத்துறதா, நம்ம ஆபீஸ் வண்டி வருமான்னு..." ஜோனாலினைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பிறகு முகம் முழுக்க ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டார். "அட, பொண்ணே இங்க இருக்கா! நல்லதாப் போச்சு. ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டா எனக்குப் பாதி வேலை மிச்சம். நெரி, இனிமே இவ உனக்குத் தங்கச்சி மாதிரி."

தலை மறைந்தது. கூடத்திலிருந்து மறுபடியும் "வழி தவறி வந்த பறவைங்க நாங்க" என்று கேட்டது.

கூடை நிறைய இபோஸ். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கேள்வி கேட்காமல் தை.

அம்மாவுக்குத் தெரியும். காலையில் அடுப்பைப் பற்ற வைக்கும் முன்பே தெரியும். தம்பி செய்ததை ஒரு பக்கம் வைத்தாலும், தன் மடியில் அம்மா அந்தச் சட்டையைத் தூக்கிப்போட்ட விதத்தை நெரிஸ்ஸாவால் எந்தப் பக்கமும் வைக்க முடியவில்லை.

"இன்னிக்கு எங்க வீட்டுக்கு வர்றாங்க," என்றாள் ஜோனாலின். "அப்பா ஒத்துக்கிட்டாரு. இப்போதைக்குக் கல்யாணத்தைப் பண்ணிக்கோ, ஊர் வாய் மூடும்னாரு. அவன் சரியில்லேன்னா அப்புறமா கேஸ் போட்டுக்கலாமாம். கேப்டன் சொன்னாராம். அது நிஜமா மனாங்?"

கேள்வி அவ்வளவுதான்.

நிஜமில்லை. கல்யாணம் ஆனால் வழக்கே அழிந்துவிடும் என்று இந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. கோயில் முற்றங்களில் பேசும்போது நெரிஸ்ஸா அதை மட்டும் சொல்லாமல் தாண்டிவிடுவாள். சொல்லவே வெட்கமாக இருக்கும். இன்று தாண்டினால் போதும். 'தெரியலையே, விசாரிச்சுச் சொல்றேன்' என்றால் போதும். இந்தப் பெண் அவர்கள் சொன்னதை நம்பித் தலையை ஆட்டுவாள், தோதோ கப்பலேறுவான், அம்மா மாதாமாதம் படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவாள். பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

தம்பி பிறந்த அன்று அவனை அவள் கையில்தான் கொடுத்தார்கள். தலையைத் தாங்கிப் பிடி, தலையைத் தாங்கிப் பிடி என்று எல்லோரும் கத்தியது ஏனோ இப்போது நினைவுக்கு வந்தது.

"நிஜமில்ல," என்றாள். குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. "பொண்ணு சம்மதிச்சு அவனையே கல்யாணம் பண்ணிக்கிட்டா கேஸ் அதோட முடிஞ்சுது. சட்டமே அப்படித்தான் இருக்கு. அப்புறம் அவன் எப்படி இருந்தாலும், இதுக்காக அவன் மேல கை வைக்க முடியாது."

ஜோனாலின் காகிதப் பையின் வாயை மடித்து மூடினாள்.

"இன்னொண்ணு. உங்கப்பா சரின்னா அது சம்மதம் ஆகாது. கேப்டன் சரின்னாலும் ஆகாது. நீ சொல்லணும். நீ சொல்லலேன்னா கல்யாணம் கிடையாது." நெரிஸ்ஸா மூச்சு வாங்கிக்கொண்டாள். "கடைசியா ஒண்ணு. நான் அவனோட அக்கா. நீ சொல்றதை நான் எழுதக்கூடாது. நான் எழுதினா நாளைக்கு அதையே சாக்கா வச்சு உடைப்பாங்க. டவுன் ஸ்டேஷன்லேர்ந்து பொம்பளை போலீஸை வரச் சொல்றேன். நேரா ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"போறேன். ஆனா முதல்ல வீடு."

"ஜோனா..."

"நான் அங்க இல்லாதப்ப அப்பா என் பேர்ல சரின்னு சொல்லிடுவாரு மனாங். இப்ப எங்கிட்ட சொன்னதை அவர் முன்னாடி வந்து சொல்லுங்க. உங்கம்மாவும் இருப்பாங்க. அவங்க முன்னாடியும் சொல்லுங்க."

நெரிஸ்ஸா பொம்பளை போலீஸுக்குப் போன் செய்து, அபுன்டியோ வீட்டுக்கு வழி சொன்னாள். இரண்டு முறை சொன்னாள். தன் வீட்டு வழியைச் சொல்லிவிட்டோமோ என்று சந்தேகம் வந்து மூன்றாவது முறையும் சொன்னாள்.

அபுன்டியோவின் வீடு கடலைப் பார்த்து மூங்கில் கால்மேல் நின்றது. ஏணிப்படிக்குக் கீழே அம்மாவின் செருப்பும் ரோமெலின் பளபளக்கும் காலணியும் ஜோடியாகக் கிடந்தன.

மேலே, பாய் விரித்து வாழையிலைமேல் சாப்பாடு பரப்பியிருந்தது. அபுன்டியோ வலை தைக்கும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அம்மா தேவாலயத்துக்குப் போடும் நீல உடையில் இருந்தாள். பக்கத்தில் ரோமெல், வெள்ளைச் சட்டையில். கேப்டன் நடுவில் நின்று பூவைப் பற்றிப் பாடாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நெரிஸ்ஸாவைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மலர்ந்தது. "வா வக்கீலம்மா. சரியான நேரத்துக்கு வந்த. மருமகளையும் கூட்டிட்டு வந்துட்டியா?"

நெரிஸ்ஸா உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழ முடியாது என்று தோன்றியது.

"மனோங் அபுன்டியோ, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். கல்யாணத்துக்கு அப்புறம் கேஸ் போடலாம்னு உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தா, அது தப்பு. கல்யாணம் ஆனா கேஸ் செத்துடும். திரும்ப உயிர் வராது."

அபுன்டியோ மெதுவாகத் தலை தூக்கினார். "காப், நீங்க வேற மாதிரி சொன்னீங்களே?"

கேப்டன் வாழையிலையில் இருந்த கோழியைப் பார்த்தார். "பெரியவங்க பேசிக்கிட்டிருக்கோம். சட்டத்தை எல்லாம் இப்ப எதுக்கு..."

"சொன்னீங்களா இல்லையா?"

"எல்லாரும் நல்லா இருக்கணும்னு சொன்னேன் அபுன்டியோ. ரெண்டு வீடும் நல்லா இருக்கணும்னு."

"நெரி!" அம்மா பல்லைக் கடித்தாள். "பைத்தியம் பிடிச்சிருக்கா உனக்கு? இவன் உன் தம்பிடி. தம்பி!"

"மனாங்," என்றான் ரோமெல். அன்று அவன் அவளிடம் பேசிய முதல் சொல் அது. "நான்தான் கல்யாணம் பண்ணிக்கிறேன்னு சொல்றேன்ல. அப்புறம் என்ன?"

செய்யவில்லை என்று அவன் சொல்வான் என்று வழி நெடுக அவள் எதிர்பார்த்திருந்தாள். அது பொய்யாக இருந்தாலும் கேட்கத் தயாராக வந்திருந்தாள். அவன் அதைச் சொல்லவே இல்லை.

ஜோனாலின் அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள். காகிதப் பையை அவர் கண்ணெதிரே திறந்து பிடித்தாள்.

"இதைத் தொடாதீங்கப்பா, சும்மா பாருங்க. இப்ப அவன் சட்டையைப் பாருங்க. மேலேர்ந்து ரெண்டாவது."

ஜன்னல் வழியாகக் கடல் வெளிச்சம் நேரே ரோமெலின் நெஞ்சில் விழுந்தது. சிப்பிப் பொத்தான்கள் வரிசையாக மின்னின. இரண்டாவது மட்டும் மின்னவில்லை.

அபுன்டியோ பார்த்தார். பையைப் பார்த்தார். மறுபடியும் சட்டையைப் பார்த்தார். அவர் தொண்டையிலிருந்து வந்த சத்தம் சொல்லாக இல்லை. ஒரு கையால் இலையைப் பிடித்து இழுத்தார். வலென்சியானா பாயெல்லாம் சிதறி, அம்மாவின் நீல உடைமேலும் விழுந்தது.

"நான் சம்மதிக்கல," என்றாள் ஜோனாலின். "கேட்டுக்கோங்க. எல்லாரும் கேட்டுக்கோங்க. சம்மதிக்கல."

கேப்டன் தொப்பியைத் தேடினார்.

அம்மா மடியில் விழுந்த சோற்றைத் தட்டவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மிகத் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"அதைத் தச்சது நீதானேடி."

"ஆமாம்மா. நான்தான் தச்சேன். கேட்டா அதையும் சொல்லுவேன்."

"ஊருக்கெல்லாம் உரிமை உரிமைன்னு சொல்லிட்டுத் திரியறியே. எனக்கு என்ன உரிமை இருக்கு? பெத்தவளுக்குன்னு உன் புத்தகத்துல ஒண்ணும் எழுதலையா?"

கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் கண் கேலி செய்யவில்லை. நெரிஸ்ஸாவின் எதிரே பெஞ்சில் வந்து உட்காரும் பெண்கள் எல்லோரும் பார்க்கும் அதே பார்வை.

போன வார வகுப்பில்தான் அதை நடத்தியிருந்தார்கள். எதற்கென்று தெரியாமலே அவள் அதை மனப்பாடம் செய்திருந்தாள்.

"இருக்கும்மா," என்றாள். "உன் பிள்ளைக்கு எதிரா சாட்சி சொல்லுன்னு உன்னை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. நீ வாயே திறக்க வேண்டாம். சட்டம் பெத்தவங்களுக்கு அந்த உரிமையைக் குடுத்திருக்கு."

அம்மாவின் தோள் இறங்கியது. "உனக்கு?"

"கூடப் பிறந்தவங்களுக்குக் கிடையாது."

கீழே மணலில் ஒரு வண்டி வந்து நின்றது. கதவு அறைந்து சாத்தும் சத்தம். ஒரு பெண் குரல், "அபுன்டியோ வீடு இதுதானே?" என்று கேட்டது. ஏணியின் முதல் படி முனகியது.

ரோமெல் சுவரோடு ஒட்டிக்கொண்டான். அவன் கை தானாகச் சட்டைக்குப் போயிற்று. இரண்டாவது பொத்தானைப் பிடித்து இழுத்தான். முறுக்கி இழுத்தான். காலடிச் சத்தம் மேலே வர வர, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான்.

பொத்தான் வரவில்லை. நெரிஸ்ஸா எப்போதும் அழுத்தமாகத்தான் தைப்பாள்.